அல்லது என்னும் சிறு சொல்

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதுவோர் பலர். சொற்களுக்கு வரலாறு எழுதுவோர் சிலர். அச்சிலரும் அறம், அன்பு, நாடு, மொழி என்பன போன்ற பெருஞ்சொற்களையே ஆராய்வர். ஒரு சொல்லை மற்றொரு சொல்லோடு பிணைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் சிறு சொற்களை எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இன்று நேயர்களோடு நாம் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு சிறு சொல்லைப் பற்றியே. 'அல்லது' என்பது அச்சொல். நாளொன்றுக்குப் பல முறை அதனைச் சொல்கிறோம், எழுதுகிறோம், விண்ணப்பப் படிவங்களில் படிக்கிறோம். ஆயினும் அதன் பொருள் யாது என்று ஒருவர் கேட்டுவிட்டால் விடை கூறச் சற்றே தயங்குவோம்.

19 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வாழ்ந்த கணிதப் பேராசிரியர் ஒருவரும், இங்கிலாந்தில் வாழ்ந்த இளம் ஆசிரியர் ஒருவரும் இச்சொல்லின் பொருளைக் குறித்துக் கடிதங்கள் வாயிலாக வாதிட்டனர். அவ்வாதத்தின் விளைவை இன்று நம் மாடிப்படி விளக்கிலும் காணலாம், கணிப்பொறியிலும் காணலாம். சட்டங்களையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு அவ்வாதம் அன்றாடம் கைக்கு வரும் ஒன்று. தாய்நாட்டுப் பகுதியை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்க்கும் அதில் பங்கு உண்டு என்பதை இப்பேச்சின் இறுதியில் காண்போம்.

முதலில் சொல்லின் இயல்பைப் பார்ப்போம். வீட்டிற்கு வந்த விருந்தினரிடம், 'காப்பி அல்லது தேநீர் அருந்தலாம்' என்கிறோம். அவர் இரண்டையும் கேட்பார் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒன்றை ஏற்றால் மற்றொன்று விலகிவிடுகிறது. அரசு அலுவலக வாயிலில், 'குடும்ப அட்டை அல்லது வாக்காளர் அடையாள அட்டையுடன் வருக' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு அட்டைகளையும் எடுத்துச் சென்றால் அவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. சொல் ஒன்றே, பொருள் இரண்டு. முதலாவதை 'விலக்கும் அல்லது' என்றும், இரண்டாவதை 'அடக்கும் அல்லது' என்றும் பெயரிட்டுக்கொள்வோம்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தருக்க நூலார் நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டுவர். ஒருவரிடம் இரண்டு அட்டைகளும் இல்லை, முதல் அட்டை மட்டும் உண்டு, இரண்டாம் அட்டை மட்டும் உண்டு, இரண்டும் உண்டு. இந்நான்கினைத் தவிர ஐந்தாவது நிலை இல்லை. இரண்டும் இல்லாதவரை இரு பொருள்களும் ஒதுக்கிவிடும். ஒன்று மட்டும் உடையவரை இரு பொருள்களும் ஏற்கும். நான்காவது நிலையில்தான் வழி பிரிகிறது. இரண்டும் உடையவரை 'அடக்கும் அல்லது' ஏற்கும். 'விலக்கும் அல்லது' தள்ளும். எனவே நான்கு நிலைகளுள் மூன்றில் மெய்யாவது முன்னது. இரண்டில் மட்டும் மெய்யாவது பின்னது. நாம் கூறவரும் வரலாறு முழுவதும் இந்த நான்காவது நிலையைப் பற்றியதே.

தமிழில் இச்சொல்லுக்குத் தனிக் கதை ஒன்று உண்டு. பழைய நூல்களில் 'அல்லது' என்பது 'தவிர', 'அல்லாதது' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்கிற்று. இரண்டனுள் ஒன்றைச் சுட்டப் பேச்சு வழக்கில் 'ஆவது' என்றும், 'ஓ' என்றும் சொல்கிறோம். 'அண்ணனாவது தம்பியாவது வரட்டும்' என்கிறோம். 'நாளையோ மறுநாளோ வருவார்' என்கிறோம். 'அண்ணனாவது தம்பியாவது' என்னும்போது இருவரும் வந்தால் மகிழ்ச்சியே. 'நாளையோ மறுநாளோ' என்னும்போது வருகை ஒரு முறைதான். ஆனால் இவ்வேறுபாடு சொல்லின் உருவில் இல்லை. பேசும் பொருளிலிருந்தும் சூழலிலிருந்தும் பெறப்படுகிறது. மனிதர் நேருக்கு நேர் பேசும்போது இதனால் இடர் ஒன்றும் இல்லை. ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளியலாம். எழுத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க இயலாது. கணிதக் குறியையும் இயந்திரத்தையும் கேட்க இயலாது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அச்சிக்கலை முதன்முதலில் கணிதத்துக்குள் கொண்டு வந்தவர் ஜார்ஜ் பூல் என்னும் பெரியார். இவர் 1815 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் இங்கிலாந்தில் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் காலணி தைக்கும் தொழிலினர். குடும்பத்தின் வறுமை காரணமாகப் பல்கலைக்கழகப் படிப்புக்கு வழியில்லை. 16 வயதிலேயே பள்ளி உதவி ஆசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். 19 வயதில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். உயர் கணிதத்தைத் தாமே நூல்களைப் படித்துக் கற்றார். 1844 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி இவருக்குப் பதக்கம் வழங்கியது. பட்டம் எதுவும் பெறாத இவரை 1849 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரி தன் முதற் கணிதப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. 1855 இல் இவர் மணந்த மேரி எவரெஸ்ட் அம்மையார், 1830 முதல் 1843 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள் ஆவார்.

எண்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் இருப்பதைப் போல, எண்ணங்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் இருத்தல் வேண்டும் என்பது பூல் கண்ட உண்மை. 1847 ஆம் ஆண்டில் தருக்கத்தின் கணிதப் பகுப்பாய்வு பற்றிச் சிறு நூல் ஒன்றையும், 1854 ஆம் ஆண்டில் சிந்தனையின் விதிகள் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். அவருடைய முறையை நம் வாழ்விலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். டில்லியில் வாழ்வோர் அனைவரையும் 'க' என்னும் எழுத்தால் குறிப்போம். தமிழ் பேசுவோர் அனைவரையும் 'ச' என்னும் எழுத்தால் குறிப்போம். இரண்டையும் பெருக்கினால் டில்லியில் வாழும் தமிழ் பேசுவோர் கிடைப்பர். அதாவது பெருக்கல் என்பது 'இதுவும் அதுவும்' பொருந்தியவரைத் தேர்ந்தெடுத்தல். டில்லியில் வாழ்வோருள் டில்லியில் வாழ்வோரை மீண்டும் தேர்ந்தெடுத்தால் அதே மக்கள்தாம் கிடைப்பர். ஆகவே 'க' வை 'க' வால் பெருக்கினால் 'க' வே வரும். எண்களுள் தன்னைத் தன்னால் பெருக்கத் தானாகவே நிற்பவை 0, 1 என்னும் இரண்டே. பூல் தம் கணிதத்தில் 1 என்பதை 'எல்லாம்' என்றும், 0 என்பதை 'ஒன்றுமில்லை' என்றும் கொண்டார். இன்றைய கணிப்பொறிகள் அனைத்தும் இவ்விரு எண்களைக் கொண்டே இயங்குகின்றன என்பதை நேயர்கள் அறிவர்.

பெருக்கல் இவ்வாறு எளிதில் அமைந்துவிட்டது. கூட்டலில்தான் தடை நேர்ந்தது. 'டில்லியில் வாழ்வோர் அல்லது தமிழ் பேசுவோர்' என்னும் தொகுதியைக் 'க + ச' என்று எழுதலாமா? டில்லியில் வாழும் தமிழர் 'க' விலும் உள்ளனர். 'ச' விலும் உள்ளனர். இரண்டையும் கூட்டினால் அவர்கள் இரு முறை எண்ணப்படுகிறார்கள். ஒரே மனிதர் இருவராக நிற்கும் தொகுதிக்குப் பொருள் ஏது? பூல் இதற்குக் கண்டிப்பான விதி ஒன்றை வகுத்தார். பொதுவான உறுப்பினர் எவரும் இல்லாத இரு தொகுதிகளையே '+' குறியால் இணைக்கலாம் என்றார். பொது உறுப்பினர் இருப்பின், எழுதுவோர் தாம் கருதுவது எது என்பதை வெளிப்படையாகக் கூற வேண்டும். 'டில்லியில் வாழ்வோர், அவர்களுடன் டில்லியில் வாழாத தமிழர்' என்று பிரித்து எழுதினால் அடக்கும் பொருள் கிடைக்கும். 'தமிழ் பேசாத டில்லியினர். அவர்களுடன் டில்லியில் வாழாத தமிழர்' என்று எழுதினால் விலக்கும் பொருள் கிடைக்கும். பூல் இரண்டையும் அறிந்தே இருந்தார். எதுவென்று சொல்லாமல் குறியிடுவதையே அவர் மறுத்தார்.

இங்குதான் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் இளைஞர் வருகிறார். 1835 இல் லிவர்ப்பூலில் பிறந்த இவர், ஆஸ்திரேலியாவில் சிட்னி நாணயச் சாலையில் பொன்னின் மாற்றுக் காணும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவர். பின்னர் தாயகம் திரும்பி மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். பொருளாதார நூலிலும் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார். 1863 ஆம் ஆண்டில் இவர் பூலுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்ட கேள்வியை நம் எடுத்துக்காட்டில் வைத்துச் சொல்வோம். 'தமிழர் அல்லது தமிழர்' என்று ஒருவர் சொன்னால் அது 'தமிழர்' என்பதற்கு மேல் எதனையும் சொல்லவில்லையே? எனவே 'ச + ச = ச' என்பதைச் சிந்தனையின் விதிகளுள் ஒன்றாக ஏற்க வேண்டாமா?

பூல் அதை ஏற்க மறுத்தார். தம் முறையில் அச்சமன்பாடு விதியாகாது என்றும், 'ச' என்பது வெறுமையாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும் என்றும் விடை எழுதினார். அவர் மறுத்ததற்குக் காரணம் உண்டு. 'ச + ச = ச' என்பதை ஏற்றுக்கொண்டு, வழக்கமான கணித முறைப்படி இரு பக்கத்திலும் ஒரு 'ச' வைக் கழித்தால், எஞ்சுவது 'ச = 0' என்பதே. உலகத்துத் தமிழர் அனைவரும் ஒரு கழித்தலில் மறைந்து போவர்! எனவே ஜெவன்ஸ் கூறிய விதி வேண்டுமானால் கழித்தலைக் கைவிட வேண்டும். மேலும் பூலின் நூல் நிகழ்தகவுக் கணக்கையும் சேர்த்து அமைந்தது. மழை பெய்யும் வாய்ப்பையும் காற்று வீசும் வாய்ப்பையும் கூட்டும்போது, இரண்டும் சேர்ந்து நிகழும் நாளை இரு முறை எண்ணினால் கணக்குப் பிழையாகும். எண்ணுகின்ற கணிதத்தோடு தம் தருக்கத்தைப் பிணைத்து வைக்க விரும்பிய பூலுக்கு இரட்டை எண்ணிக்கை ஒவ்வாததாயிற்று. ஜெவன்ஸோ எண்ணிக்கையை விட்டுத் தருக்கத்தை மட்டும் கொண்டார், கழித்தலைத் துறந்தார். 1864 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் அடக்கும் 'அல்லது' வையே அடிப்படையாக வைத்தார்.

இவ்வாதம் முடிவு காணாமலே நின்றுவிட்டது. 1864 நவம்பர் இறுதியில் பூல் தம் இல்லத்திலிருந்து கல்லூரிக்குக் கொட்டும் மழையில் நடந்து சென்று, நனைந்த உடையோடே பாடம் நடத்தினார். அதனால் நேர்ந்த நோய் நுரையீரலைப் பற்றியது. டிசம்பர் 8 ஆம் நாள் தம் 49 ஆம் வயதில் காலமானார். ஜெவன்ஸ் தம் முறையை இயந்திரமாகவே ஆக்கிக் காட்டினார். சிறு பியானோவைப் போன்ற தோற்றமுடைய அவ்வியந்திரம் 1870 ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியில் காட்டப்பட்டது. அதன் 21 கட்டைகளுள் இரண்டு 'அல்லது' என்பதற்கென்றே அமைந்தவை; இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள அறிவியல் வரலாற்றுக் காட்சிச் சாலையில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஜெவன்ஸும் நெடுநாள் வாழவில்லை. 1882 ஆகஸ்டு 13 ஆம் நாள் கடலில் நீராடும்போது மூழ்கி இறந்தார், வயது 46.

இவ்விருவரோடு மூன்றாவதாக ஒருவரையும் நினைவுகூர வேண்டும். அவர் அகஸ்டஸ் டி மார்கன். பூலின் நண்பர், பூலின் முதல் தருக்க நூல் வெளிவந்த அதே 1847 ஆம் ஆண்டில் தாமும் ஒரு தருக்க நூலை வெளியிட்டவர். 1828 இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியர். இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் மதுரை! கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தந்தையார் பணியாற்றிய காலத்தில், 1806 ஜூன் 27 ஆம் நாள் மதுரையில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் தமிழை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் இந்தியாவை அவர் மறக்கவில்லை. டில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமசந்திரர் எழுதிய கணித நூலை 1859 இல் லண்டனில் தம் முன்னுரையோடு வெளியிடச் செய்தவர் அவரே.

டி மார்கன் பெயரால் வழங்கும் விதி, 'அல்லது' என்பதை மறுத்தால் என்னவாகும் என்பதைக் கூறுகிறது. 'இது அல்லது அது' என்பதன் மறுப்பு 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்பதாகும். இடைக்கால ஐரோப்பியத் தருக்க நூலார் இதனைச் சொல் வடிவில் அறிந்திருந்தனர். குறியீட்டுக் கணிதத்தில் இடம் பெறச் செய்தவர் டி மார்கன். வியப்பு யாதெனில், தமிழ் பேசும் சிறு குழந்தையும் இவ்விதியைப் பிழையின்றிக் கையாளுகிறது. 'அண்ணனாவது தம்பியாவது வந்தார்களா?' என்று கேட்டால், 'அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை' என்றே விடை வருகிறது. கேள்வியில் இருந்த 'ஆவது' விடையில் 'உம்' ஆக மாறிவிடுகிறது. டி மார்கன் விதி என்பது இதுவே. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'அல்லது' அடக்கும் பொருளில் இருந்தால்தான் மறுப்பு இவ்வளவு சுருக்கமாக அமையும். விலக்கும் பொருளில் இருந்தால், 'இருவரும் வரவில்லை. அல்லது இருவருமே வந்துவிட்டனர்' என்று மறுப்பும் இரு கூறாக நீண்டுவிடும்.

இத்தகைய எளிமையே அடக்கும் பொருளுக்கு வெற்றி தேடித் தந்தது. அமெரிக்க அறிஞர் சார்லஸ் பீர்ஸ் 1867 ஆம் ஆண்டிலேயே பூலின் கணிதத்தைத் திருத்திய கட்டுரையில் அடக்கும் கூட்டலை மேற்கொண்டார். ஜெர்மனியில் ஷ்ரோடர் என்பார் 1877 இல் அதையே பின்பற்றினார். ஒன்றன்மேல் ஒன்று படியும் வட்டங்களால் புகழ்பெற்ற ஜான் வென் தம் 1881 ஆம் ஆண்டு நூலில் பூலின் பக்கமே நின்றார். 1894 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவரும் மாறிவிட்டார். 1910 இல் ஒயிட்ஹெட், ரஸ்ஸல் இருவரும் வெளியிடத் தொடங்கிய பெருநூலில், ஆங்கில 'வி' எழுத்தை ஒத்த குறி அடக்கும் 'அல்லது' வுக்கு அடையாளமாயிற்று. லத்தீன் மொழியில் 'அல்லது' எனப் பொருள்படும் 'வெல்' என்னும் சொல்லின் முதலெழுத்து அது. இன்று உலகெங்கும் 'பூல் இயற்கணிதம்' என்று கற்பிக்கப்படும் பாடத்தில், பூல் ஏற்க மறுத்த 'ச + ச = ச' என்பது அடிப்படை விதிகளுள் ஒன்று. பெயர் அவருடையது, கூட்டல் அவரை மறுத்தவருடையது.

ஏட்டில் இருந்த இக்கணிதம் தொழிற்சாலைக்கு வந்த வரலாறும் சுவையானது. மின்சுற்றுகளைக் கொண்டு தருக்கம் செய்யலாம் என்பதைப் பீர்ஸ் 1886 ஆம் ஆண்டில் தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலேயே குறிப்பிட்டார். அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1930 களில் ஜப்பானில் அகிரா நகாஷிமா என்பவரும், அமெரிக்காவில் கிளாட் ஷேனன் என்பவரும் தனித்தனியே மின்விசைச் சுற்றுகளைக் கணித முறையில் ஆராய்ந்தனர். ஷேனன் 1937 இல் தம் 21 ஆம் வயதில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு எழுதிய ஆய்வுரை 1938 இல் அச்சேறியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது தத்துவ வகுப்பில் பூலின் தருக்கத்தைக் கற்றிருந்தார் ஷேனன். அக்கல்வி தொலைபேசிச் சுற்றுகளை ஆராயக் கைகொடுத்தது.

ஒரு விளக்குக்குச் செல்லும் கம்பியில் இரண்டு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். இது 'உம்'. அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து மின்சாரத்துக்கு இரு வழிகள் அமைத்தால், எதைப் போட்டாலும் எரியும். இரண்டையும் போட்டாலும் எரியும். இது அடக்கும் 'அல்லது'. ஷேனன் தம் கட்டுரையில் மின்சாரம் செல்வதை அளவிடாமல், அதற்கு நேரும் தடையை அளவிட்டார். ஆகவே அவருடைய '+' குறி ஒன்றன்பின் ஒன்றான இணைப்பைக் குறித்தது. பின்வந்தோர் அதனைத் தலைகீழாக்கிக்கொண்டனர். குறியின் பொருள் குறியில் இல்லை, எழுதுவோர் முன்கூட்டி உரைக்கும் ஒப்பந்தத்தில் உள்ளது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அப்படியானால் விலக்கும் 'அல்லது' முற்றிலும் தோற்றுவிட்டதா? அன்று. அது வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்தது. மாடிப்படி விளக்கை எண்ணிப் பாருங்கள். கீழே ஒரு விசை, மேலே ஒரு விசை. விளக்கு அணைந்திருக்கும் நிலையில், இரண்டனுள் ஒன்றை மட்டும் தட்டினால் எரியும். இரண்டையும் தட்டினால் மீண்டும் அணைந்துவிடும். இது விலக்கும் பொருளின் நேர் வடிவம். 1917 ஆம் ஆண்டில் கில்பர்ட் வெர்னம் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தந்திச் செய்திகளை மறைத்து அனுப்ப இம்முறையையே பயன்படுத்தினார். செய்தியின் குறியும் மறைக்கும் குறியும் வேறுபட்டால் 1, ஒன்றாயிருந்தால் 0. மறைத்ததன் மீது அதே குறியை மறுமுறை இட்டால் பழைய செய்தி அப்படியே மீண்டு வரும். அடக்கும் 'அல்லது' இதனைச் செய்ய வல்லதன்று. இரண்டும் சேர்ந்த நிலையை அது தனியே பிரித்துக் காட்டாதாகையால் செய்தி மீளாது. 1927 இல் ரஷ்யாவில் ழெகால்கின் என்னும் கணித வல்லுநர் விலக்கும் கூட்டலையே அடிப்படையாக வைத்துத் தருக்கக் கணிதம் முழுவதையும் அமைத்துக் காட்டினார். அதில் கழித்தலும் உண்டு. பூல் விட்டுக்கொடுக்க மறுத்த ஒன்று இவ்வாறு காப்பாற்றப்பட்டது.

இன்று கணிப்பொறி இரண்டு எண்களைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் விலக்கும் 'அல்லது' உழைக்கிறது. இரும எண் முறையில் 1 உடன் 1 ஐக் கூட்டினால் அவ்விடத்தில் 0 நிற்கும். 1 அடுத்த இடத்துக்குச் செல்லும். நிற்கும் இலக்கத்தை விலக்கும் 'அல்லது' தருகிறது. செல்லும் இலக்கத்தை 'உம்' தருகிறது. அதே கணிப்பொறியில் நாம் நூலகப் பட்டியலைத் தேடும்போது, 'தஞ்சை அல்லது திருச்சி' என்று கேட்டால் இரண்டு ஊர்களையும் பற்றிய நூலும் சேர்ந்தே வருகிறது. அது அடக்கும் 'அல்லது'. இயந்திரத்துக்குள் இரண்டும் வாழ்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்றை மற்றொன்றாக அது மயங்குவதில்லை.

இயந்திரம் அடைந்த இத்தெளிவை மனிதரின் சட்ட மொழி இன்னும் முழுமையாக அடையவில்லை. பூலின் பெருநூல் வெளிவந்த மறு ஆண்டில், 1855 இல், சர்க்கரையும் வெல்லப்பாகும் 'மற்றும்/அல்லது' பிற பொருள்களும் கப்பலில் ஏற்றுவது பற்றிய ஒப்பந்தம் ஒன்று இங்கிலாந்தில் நீதிமன்றம் ஏறியது. அக்கோடிட்ட இரட்டைச் சொல் இன்றுவரை வழக்கறிஞர்க்கு வேலை கொடுத்து வருகிறது. நம் நாட்டில் 1957 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தும் பம்பாய் மாநிலச் சட்டம் ஒன்றில் இருந்த 'அல்லது' வை, சட்டமியற்றியோர் கருத்துக்கு ஏற்ப 'உம்' என்று படித்தது. 1968 ஆம் ஆண்டில் மருந்துகள் பற்றிய 1940 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 'உம்' மை 'அல்லது' என்று படித்தது. ஒரு சிறு சொல் எப்படிப் படிக்கப்படும் என்பதில் ஒருவரது தொழிலும் விடுதலையும் தொங்கி நின்றன.

நம் அரசியல் சட்டம் இதில் மிக்க கவனம் காட்டியிருக்கிறது. 1950 ஜனவரி 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 15 ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்னும் காரணங்களை வரிசைப்படுத்திக் குடிமக்களிடையே வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கிறது. வரிசையோடு அது நின்றுவிடவில்லை; 'அல்லது அவற்றுள் எதனாலும்' என்று பொருள்படும் தொடரைச் சேர்த்திருக்கிறது. எல்லாக் காரணங்களும் ஒருங்கே கூடினால்தான் தடை என்று எவரும் வாதிட இடமில்லை. ஒன்றானாலும் தடை, பலவானாலும் தடை. 'கூடாது' என்னும் மறுப்போடு இந்த 'அல்லது' சேரும்போது டி மார்கன் விதி உயிர் பெறுகிறது. மதத்தாலும் கூடாது, சாதியாலும் கூடாது, பிறந்த இடத்தாலும் கூடாது என்று தனித்தனியே கதவு அடைபடுகிறது. அரசுப் பணி பற்றிய 16 ஆம் பிரிவில் பிறந்த இடத்தோடு குடியிருக்கும் இடமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடியிருப்பை மட்டும் சில பணிகளுக்குத் தகுதியாக வகுக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அப்பிரிவே கூறுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து பணியாற்றும் நமக்கு அப்பிரிவின் ஒவ்வோர் இணைப்புச் சொல்லும் அரணாகும்.

30 ஆம் பிரிவையும் காண்போம். மதத்தால் அல்லது மொழியால் சிறுபான்மையினராக உள்ளோர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்பது அதன் கருத்து. மொழிச் சிறுபான்மையினர் யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழ்நாட்டில் பெரும்பான்மையினரான தமிழர், மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மையினர். அப்பிரிவில் 'அல்லது' வுக்குப் பதிலாக 'உம்' இருந்திருந்தால், மதத்தாலும் மொழியாலும் ஒருங்கே சிறுபான்மையானோர்க்கே அவ்வுரிமை கிடைத்திருக்கும். பிற மாநிலங்களில் தமிழர் நடத்தும் பள்ளிகளுட் பல அவ்வுரிமையைப் பெற்றிருக்க மாட்டா.

சட்டமன்றத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. நேயர்கள் வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு விதிமுறைகள் உண்டு. 'தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லது தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் உறுப்பினராகலாம்' என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். நாகபுரியில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பெண்ணும் உறுப்பினராகலாம்; சென்னையில் பிறந்து வீட்டில் தெலுங்கு பேசும் அன்பரும் உறுப்பினராகலாம். அதே விதியில் 'அல்லது' என்னுமிடத்தில் 'மற்றும்' என்று தட்டச்சு செய்யப்பட்டுவிட்டால் இருவரும் வெளியே நிற்பர். சங்கத்தை வளர்த்த பெற்றோரின் மக்களே, வேற்று மாநிலத்தில் பிறந்த ஒரே காரணத்தால் வாயிலில் நிறுத்தப்படுவர்.

ஆகவே விதி எழுதுவோரும், படிவம் அமைப்போரும், அவற்றை மொழிபெயர்க்கும் நாமும், 'அல்லது' என்று எழுதுமுன் அந்த நான்காவது நிலையை எண்ணிப் பார்த்தல் நன்று. இரண்டும் பொருந்திய ஒருவர் வந்தால் அவரை ஏற்பதா, விலக்குவதா? ஏற்பதாயின் 'இரண்டனுள் ஒன்றேனும்' என்று எழுதலாம். விலக்குவதாயின் 'இரண்டனுள் ஒன்று மட்டும்' என்று எழுதலாம். 'ஏனும்', 'மட்டும்' என்னும் இரு சொற்கள் போதும். பூலும் ஜெவன்ஸும் கடிதத்தில் தீர்க்க இயலாத ஐயத்தைத் தமிழ் தீர்த்து வைத்துவிடும். டில்லியினரையும் தமிழ் பேசுவோரையும் இரு வட்டங்களாக வரைந்தால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில் நிற்பவர்கள் நாம். கொல்கத்தாவில், மும்பையில், பெங்களூரில் உள்ளோர்க்கும் இது பொருந்தும். அங்கே நிற்பவர்கள் இரு முறை எண்ணப்படுவதும் முறையன்று. எண்ணப்படாமலே விடப்படுவதும் முறையன்று. இவ்விரு தவறுகளையும் தவிர்க்க வழி தேடியதே பூல் தொடங்கிய ஆராய்ச்சி. 'அல்லது' என்று எழுதக் கை நீளும்போதெல்லாம் அதனை நாம் நினைவிற் கொள்வோமாக.